சுருட்டைப் பாம்பு எங்கே இருக்குது? ஒரு பாம்பைப் பதிந்த வரலாறு

எங்கட ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் இருக்குது: நறுவிலி, குளம். பெயர் வைத்தவர்கள் கண்ணுக்கு முன்னால் நின்றதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கினம். இந்த இடத்தில் இந்த மரம் நின்றது என்று ஒரு ஊர்ப்பெயர் இத்தனை காலம் சாட்சி சொல்லுது. ஒரு உயிரினம் எங்கே வாழுது என்பதை எழுதி வைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். எது, எங்கே, எப்போது, பார்த்தது யார் என்ற நாலு கேள்விக்கும் பதில் இருந்தால் அது ஒரு களப்பதிவு.

சுருட்டை விரியன் என்கிற சின்னப் பாம்புக்கு இந்த நாலு கேள்வியையும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோர மணலில் வாழும் பாம்பு இது. எங்கட பக்கத்தில் வயசானவர்களைக் கேட்டால் காவோலைக்குக் கீழே, மட்டைக் குவியலுக்குள்ளே, வேலி ஓரத்துச் சருகுக்குள்ளே கிடக்கும் என்று யோசிக்காமல் சொல்லுவினம். அச்சில் உள்ள பதிவுகளைப் புரட்டினால் நிலைமை வேறு. ஒரு பாம்பின் பரம்பல் வரைபடம் பாம்பு போன இடத்தை மட்டும் காட்டுவதில்லை, பதிவு செய்யக்கூடிய ஆட்கள் போக முடிந்த இடத்தையும் சேர்த்தே காட்டுது. இதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

பெயர்களில் இருந்து தொடங்குவோம்

தமிழில் சுருட்டை. சீண்டினால் உடம்பை மடிப்பு மடிப்பாகச் சுருட்டி, தலையை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கும். சிங்களத்தில் 'வெலி பொலங்கா', அதாவது மணல் விரியன். ஆங்கிலத்தில் வாள் பல் போன்ற செதிலுடைய விரியன் என்ற பொருளில் பெயர். விஞ்ஞானப் பெயர் எக்கிஸ் கரினாட்டஸ். எக்கிஸ் என்றால் கிரேக்கத்தில் விரியன், கரினாட்டஸ் என்றால் லத்தீனில் முகடு உள்ளது. ஒவ்வொரு செதிலின் நடுவிலும் படகின் அடிக்கட்டை மாதிரி ஒரு மேடு ஓடுவதால் வந்த பெயர்.

ஒரே பாம்பை நாலு மொழிக்காரர் பார்த்த விதம் இது. ஒருவர் அதன் நடத்தையைப் பார்த்தார், ஒருவர் இருக்கும் நிலத்தைப் பார்த்தார், மற்ற இரண்டு பேரும் செதிலைப் பார்த்தினம். நாலும் சரிதான். பக்கவாட்டுச் செதில்கள் சரிவாக, ரம்பப் பல் மாதிரி இருக்கும். மடிப்புகளை ஒன்றோடொன்று உரசும்போது சூடான தாச்சியில் தண்ணி தெளித்த மாதிரி ஒரு இரைச்சல் வரும். மணலில் நேராக ஊராமல் பக்கவாட்டாக நகரும். தேள், பூரான், பல்லி, தவளை, சின்ன எலி எல்லாம் தின்னும். இலங்கையில் காணப்படுபவை பொதுவாக ஒரு முழம் நீளத்தை எட்டாதவை.

அடையாளம் பிழைப்பது இங்கே பெரிய சிக்கல். பூனைப் பாம்பை சுருட்டை என்று நினைத்து அடிப்பினம். மண்ணுளிப் பாம்பைப் புடையன் குட்டி என்பினம். தலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பூனைப் பாம்பின் தலையில் பெரிய தகடு போன்ற செதில்கள், சுருட்டையின் தலையில் சின்னச் சின்னச் செதில்களும் பறவையின் கால் தடம் போன்ற ஒரு வெளிர் அடையாளமும். வாலுக்குக் கீழே சுருட்டைக்கு ஒற்றை வரிசைச் செதில், பூனைப் பாம்புக்கு இரட்டை வரிசை. ஆனால் இதெல்லாம் பாம்பு கையில் கிடைத்த பிறகு பார்க்கிற சங்கதி. இருட்டில் காலுக்குக் கீழே நெளிந்து போனதை வைத்து யாரும் செதில் எண்ண ஏலாது.

ஆரணியில் இருந்து கொழும்புக்கு

அச்சில் இந்தப் பாம்பின் கதை தமிழ் நிலத்தில்தான் தொடங்குது. ஸ்கொட்லாந்துக்கார மருத்துவர் பற்றிக் ரஸல் கிழக்கிந்தியக் கம்பனியில் இயற்கை ஆய்வாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர். 1796 இல் அவர் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூலின் இரண்டாவது படத்தில் இந்தப் பாம்பு இருக்குது. அதற்கு அவர் போட்ட பெயர் 'ஹொரட்டா பாம்'. அதை வாசிக்கும்போது 'சுருட்டைப் பாம்பு' என்று சொன்ன யாரோ ஒருவரின் வாய் எங்களுக்குக் கேட்குது. அந்த ஆளின் பெயர் புத்தகத்தில் இல்லை, அவர் சொன்ன சொல் மட்டும் ஆங்கில எழுத்துக்குள் நசுங்கி மிஞ்சி நிற்குது.

1801 இல் ஜேர்மன் அறிஞர் ஷ்னைடர் விஞ்ஞான முறைப்படி இதற்குப் பெயர் வைத்தார். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, பெயருக்கு ஆதாரமான விலங்கு எந்த ஊரில் கிடைத்தது என்றும் குறிப்பினம். இந்தப் பாம்புக்குக் குறித்த ஊர் ஆரணி. மேற்கு ஆபிரிக்கா வரை உறவுகள் பரவிக் கிடக்கிற ஒரு விரியன் கூட்டத்தில் 'கரினாட்டஸ்' என்ற பெயருக்கு மூல ஊர் தமிழ்நாட்டு ஆரணி.

ஆரணியில் இருக்கிற பாம்பு கடலுக்கு இந்தப் பக்கம் எப்படி வந்தது? மன்னார்க்காரருக்கு இது பெரிய புதிர் இல்லை. தலைமன்னாரில் நின்று பார்த்தால் மணல் திட்டுகள் இராமேஸ்வரம் பக்கம் போகிறது தெரியும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். சுமார் 20,000 வருசத்துக்கு முன்னர், உலகில் பனி மூடிக் கிடந்த காலத்தில், கடல் மட்டம் இப்போதையதை விட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது இது கடலே இல்லை, வரண்ட தரை. மணலை விரும்பும் பாம்புக்கு அது தடை இல்லாத பாதை. பிறகு கடல் ஏறி இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட்டது. இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமானது என்ற கேள்வி பின்னால் திரும்ப வரும்.

இலங்கையில் பாம்புகளைச் சேர்த்து இலக்கமிட்டு வைக்கும் வேலை 1877 இல் திறந்த கொழும்பு நூதனசாலையோடு ஒழுங்குக்கு வந்தது. அதன் முதல் பொறுப்பாளர் அமிரால்ட் ஹேலி 1886 இல் அங்கிருந்த பாம்புகள் பற்றி அறிக்கை எழுதினார். 1921 இல் பிராங் வோல் எழுதிய 'ஒஃபிடியா தப்ரோபானிகா' வந்தது. இலங்கைப் பாம்புகளுக்கென்றே 500 பக்கத்துக்கு மேற்பட்ட நூல். வோல் நுவரெலியாவில் பிறந்தவர், இந்திய மருத்துவ சேவையில் வேலை செய்த வைத்தியர்.

அந்தக் காலத்துப் பதிவுகள் எப்படிச் சேர்ந்தன என்று யோசித்தால் ஒரு விசயம் விளங்கும். பாம்பு அகப்பட்டால் அதைச் சாராயத்தில் போட்டுக் கொழும்புக்கு அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தோட்டத்துரை, அரசாங்க அதிகாரி, வைத்தியர், பாதை போடும் பொறியியலாளர். ஆகவே பதிவுகள் பாதையையும் தோட்டத்தையும் பட்டினத்தையும் ஒட்டியே கூடிக் கிடக்கும். மணல் கரையில் கரைவலை இழுத்தவரோ வயலில் நின்றவரோ பாம்பைப் பார்க்காதவர் இல்லை. அவர்களுக்குக் கொழும்பு விலாசம் இல்லை, அவ்வளவுதான்.

1951: ஒரு புதுப் பெயர்

நூதனசாலைகளின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை இருந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1951 இல் 'ஸ்பொலியா செய்லானிக்கா' என்ற நூதனசாலை இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மூன்று வகைப் பாம்புகளில் இலங்கைக்கே உரிய துணையினங்கள் இருக்குதென்று அதில் சொன்னார். ஒன்று மண்ணுளிப் பாம்பு, ஒன்று ஒல்லியான பவளப் பாம்பு, மூன்றாவது எங்கட சுருட்டை. அதற்கு அவர் வைத்த பெயர் எக்கிஸ் கரினாட்டஸ் சிங்ஹலேயஸ்.

பெரும்பாலும் தமிழ் பேசும் கரையில் வாழும் பாம்புக்கு இப்படி ஒரு பெயரா என்று எங்களில் சிலர் சிரித்தோம். ஆனால் தெரணியகலவின் மற்ற வேலைகளைப் பார்த்தால், இலங்கையது என்று சொல்ல அவர் வழமையாகப் போடும் சொல் இது. 1939 இல் புதைபடிவமாகக் கிடைத்த சிங்கத்துக்கும் அதே சொல்லைத்தான் போட்டார். அதில் அரசியல் தேடுவதை விட அவர் எழுப்பிய கேள்வியைப் பார்ப்பது பிரயோசனம். கடல் பிரித்த பிறகு, இந்தப் பக்கத்துச் சுருட்டை வேறொன்றாக மாறிவிட்டதா?

சில ஆய்வாளர்கள் அந்தத் துணையினத்தை ஏற்றார்கள், சிலர் இந்தியச் சுருட்டையோடு சேர்த்தே எழுதினார்கள். சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் நிறையப் பாம்புகளை, ஊர் தெரிந்த பாம்புகளை, அளந்து ஒப்பிட வேண்டும். அதற்குள் காலம் மாறிவிட்டது.

வரைபடம் மூடின வருசங்கள்

1983 இலிருந்து 2009 வரை இந்த நிலத்தில் என்ன நடந்தது என்று எங்கட வாசகருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பாம்பு ஆய்வு என்ற சின்ன மூலையில் அது செய்ததை மட்டும் சொல்லுகிறோம். கொழும்பிலிருந்தோ பேராதனையிலிருந்தோ ஒரு மாணவர் டோர்ச் லைட்டோடு இரவில் மன்னார் பற்றைக்குள் நடப்பது நினைக்க ஏலாத காரியமாயிற்று. காட்டு ஓரம் கண்ணிவெடி, கரையோரம் பாதுகாப்பு வலயம். தெற்கிலும் மழைக்காடுகளிலும் புதுப்புது இனங்கள் கண்டுபிடிக்கப்பட்டு வந்த அதே காலத்தில், வரண்ட வடக்கின் பதிவுகள் பழைய புத்தகத்தில் நின்ற இடத்திலேயே நின்றன.

ஊர் அறிவும் இடம்பெயர்ந்தது. எந்தப் புற்றில் எது இருக்கும், எந்த மாதத்தில் எது வெளியில் வரும் என்று தெரிந்தவர்கள் படகேறி இராமேஸ்வரம் போனார்கள், முகாமில் இருந்தார்கள், வெளிநாடு போனார்கள். 1990 இல் மன்னார் முஸ்லிம் மக்கள் முழுதாகவே வெளியேற்றப்பட்டார்கள். விசகடி வைத்தியம் பார்த்த குடும்பங்களின் ஏடும் அனுபவமும் எந்த நூதனசாலையிலும் இலக்கமிடப்படவில்லை. திரும்பி வந்தவர்கள் பற்றை மண்டிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கும்போது பாம்பு அங்கேயே குடியிருந்தது.

இந்த நிலத்தில் பாம்புப் பயம் எவ்வளவு பழசு என்பதற்கு மடு மாதா கோயில் ஒரு சாட்சி. மடு மண் பாம்புக்கடிக்குக் காப்பு என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்கள் அந்த மண்ணை முடிந்துகொண்டு வந்திருக்கினம். காட்டு வழியால் நடந்து திருவிழாவுக்குப் போன சனத்துக்குப் பாம்பு எவ்வளவு நிசமான ஆபத்தாக இருந்தது என்பதை அந்த நம்பிக்கையே பதிந்து வைத்திருக்குது. வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் ஒரு ஆவணமாக வாசிக்க வேண்டும். கடித்த பிறகு போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி என்பதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆஸ்பத்திரி நூதனசாலையான கதை

சண்டை ஓய்ந்த பிறகு சுருட்டையை மறுபடி வரைபடத்துக்குக் கொண்டுவந்தது மருத்துவம். கடிபட்டவரைத் தூக்கிவரும் சொந்தக்காரர் அடித்த பாம்பையும் பையிலோ போத்திலிலோ கொண்டுவருவினம். அந்தப் பாம்பை வைத்தியர் அடையாளம் கண்டு, நோயாளியின் ஊரோடு சேர்த்து எழுதினால் அது முழுமையான ஒரு களப்பதிவு. எது, எங்கே, எப்போது, யார் என்ற நாலுக்கும் பதில் வந்துவிடுது.

2011 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குலரத்ன, யாழ்ப்பாணத்தின் சிவன்சுதன் முதலானோர் யாழ் குடாநாட்டில் சுருட்டைக் கடிகளையும் பாம்பின் பரம்பலையும் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்த வருசம் ஞானதாசன் குழுவினர் அடையாளம் உறுதியான கடிகளை மட்டும் எடுத்து எழுதினார்கள். இந்தியாவில் சொல்லப்படும் கடுமையோடு ஒப்பிட்டால் இங்கே பார்த்த கடிகள் லேசானவை என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு கேள்வியைப் போட்டார்கள்: இது வேறொரு துணையினமா? 1951 இல் செதிலை எண்ணிக் கேட்ட கேள்வியை அறுபது வருசத்துக்குப் பிறகு நோயாளியின் இரத்தத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

இரத்தம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்குது. சுருட்டையின் நஞ்சு இரத்தம் உறையும் ஒழுங்கைக் குழப்பும். நஞ்சில் உள்ள எக்காரின் என்ற பொருள் உறைதலைக் கண்டபடி தூண்டிவிட, உறைவதற்கு வேண்டிய சரக்கு தீர்ந்துபோகும். பிறகு முரசிலும் காயத்திலும் இரத்தம் நிற்காமல் கசியும். இதைப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிசம் அசைக்காமல் வைப்பினம். அதற்குப் பிறகும் உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்குது என்று எடுத்துக்கொள்ளுவினம். எக்காரின் என்ற பெயரே எக்கிஸ் கரினாட்டஸ் என்பதிலிருந்து வந்தது. இதே நஞ்சின் இன்னொரு பொருளைப் பார்த்து உருவாக்கிய டிரோபிபான் என்ற மருந்து இன்றைக்கு மாரடைப்பு நோயாளிகளுக்குப் பயன்படுது.

ஊர் தெரியாவிட்டால் உயிர் போகும்

'எந்த ஊர்ப் பாம்பு' என்பது ஆய்வாளரின் பொழுதுபோக்குக் கேள்வி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆபிரிக்காவின் கானாவில் சுருட்டையின் உறவான வேறொரு எக்கிஸ் இனம் நிறையப் பேரைக் கடிக்கும். அங்கே வழமையான விச முறிவு மருந்துக்குப் பதிலாக, 2004 இல் இந்தியாவில் செய்த வேறு மருந்து பாவனைக்கு வந்தது. பாம்புக்கடியில் சாகிறவர்களின் வீதம் 1.8 இலிருந்து 12.1 ஆக ஏறிவிட்டது. ஒரு ஊர்ப் பாம்பின் நஞ்சுக்குச் செய்த மருந்து இன்னொரு ஊர்ப் பாம்புக்கு வேலை செய்யுமென்று நிச்சயமில்லை.

இலங்கை பாவிப்பதும் இந்திய மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்ற நாலு பாம்பின் நஞ்சையும் குதிரைக்கு ஏற்றிச் செய்வது. அந்த நஞ்சில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருது. அதாவது தமிழ்நாட்டுச் சுருட்டையின் நஞ்சுக்கு எதிரான மருந்து எங்கட சுருட்டையின் கடிக்குப் போடப்படுது. இரண்டும் எவ்வளவு ஒன்று, எவ்வளவு வேறு என்பது இங்கே ஊசி போடும் வைத்தியருக்கு வேண்டிய தகவல். அந்த மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். லேசான கடிக்குத் தேவையில்லாமல் ஏற்றினால் மருந்தே ஆபத்தாகும், புடையன் கடிக்கு ஏற்றாமல் விட்டால் உயிர் போகும்.

எங்கட ஊர் மாதிரி இடத்தில் இந்தச் சிக்கல் கூர்மையாக இருக்குது. ஒரு பக்கம் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி பாயும் வயல், எலியும் புடையனும் உள்ள நிலம். மற்றப் பக்கம் வங்காலைக் கரையின் மணலும் பற்றையும், சுருட்டைக்கு ஏற்ற நிலம். சைக்கிளில் கொஞ்ச நேரம் போனால் ஒரு நிலத்திலிருந்து மற்றதுக்குப் போய்விடலாம். கடிபட்டவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதே வைத்தியருக்கு ஒரு துப்பு. அந்தத் துப்பு வேலை செய்ய வேண்டுமென்றால் எந்தப் பக்கத்தில் எது இருக்குதென்று முன்கூட்டியே யாராவது பதிந்திருக்க வேண்டும்.

2016 இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இலங்கையில் ஒரு வருசத்தில் சுமார் 80,000 பாம்புக்கடியும் 464 மரணமும் நடக்குதென்று மதிப்பிட்டது. ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் நம்பாமல் வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஆனாலும் அது கடியின் வரைபடம். பாம்பின் வரைபடம் வேறு. கடிப் பதிவு மனிசர் நடமாடும் இடத்தில்தான் விழும். ஆளில்லாத மணல் திட்டில் நூறு சுருட்டை இருந்தாலும் அதில் ஒரு புள்ளி வராது.

மணல் போனால்

இப்போது அந்த மணலுக்கே பல பேர் கேள்வி வைத்திருக்கினம். வங்காலைச் சரணாலயம் 2008 இல் அறிவிக்கப்பட்டு 2010 இல் ராம்சார் ஈரநிலமானது. அதற்கு வலசைப் பறவைகளின் பல வருசக் கணக்குகள் துணை நின்றன. மன்னார்த் தீவில் காற்றாலைகள் எழுந்துவிட்டன, இல்மனைற் மணல் அகழ்வுத் திட்டங்கள் பேசப்படுகின்றன, 2025 இல் இரண்டுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த விவாதங்களில் பறவைக்குக் கணக்கு இருக்குது. மணலுக்குக் கீழே வாழ்கிறதுகளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ஒரு நிலத்தின் சூழல் அறிக்கையில் 'பதிவுகள் இல்லை' என்று எழுதினால், வாசிக்கிறவர் 'பாம்புகள் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுவார். தோட்டத்துரை போகாத இடம், சண்டைக் காலத்தில் மூடின இடம், கடிபட ஆளில்லாத இடம் என்ற மூன்று வெற்றிடமும் அந்த இரண்டு சொல்லுக்குள் சேர்ந்து புதைந்துவிடும்.

இந்த வெற்றிடத்தை நிரப்பப் பெரிய பட்டம் தேவையில்லை. கையில் போன் உள்ள எந்தப் பிள்ளைக்கும் ஏலும். பாம்பைக் கண்டால் இரண்டு மீற்றர் தள்ளி நின்று படம் எடுங்கோ, தலையும் உடம்பின் பக்கமும் தெரிய. திகதி, நேரம், இடம், மணலா வயலா வீட்டு வளவா என்று எழுதுங்கோ. 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற பொதுத் தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் அடையாளம் சரிபார்ப்பினம். பாதையில் நசுங்கிக் கிடக்கும் பாம்பும் பதிவுதான். அடித்துக் கொல்லப் போய்க் கடிபட்டவர் எங்கட பக்கத்தில் குறைவில்லை, ஆகவே படத்துக்காகவும் கிட்டப் போக வேண்டாம். யாருக்காவது கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடித்த காலை ஆட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. எந்த இடத்தில் கடித்தது என்று வைத்தியரிடம் சொல்லுங்கோ, படம் இருந்தால் காட்டுங்கோ.

இதோடு எங்கட ஆச்சிமார், அப்புமார் சொல்லுவதையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்தப் பனங்காணியில், எந்தக் காலத்தில், எந்தப் பெயரால் என்று கேட்டுக் குறிக்கிறோம். ரஸலுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்த ஆளின் பெயர் எங்களுக்குக் கிடைக்காது. இந்த முறை சொன்னவரின் பெயரையும், அவருக்குச் சம்மதமென்றால், பாம்பின் பெயருக்குப் பக்கத்தில் போட்டு வைக்கிறோம்.